சிறுநீர்க்குழாயில் சிக்கிய கல்லுக்கு எந்தச் சிகிச்சை என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்கு இறங்கும் குழாய் சுமார் 25 செ.மீ. நீளம். உள்ளே 3, 4 மி.மீ. அகலம்தான். கல் அடைத்தால் சிறுநீர் பின்னால் தேங்கிச் சிறுநீரகம் வீங்கும், வலி அதனால்தான். தண்ணீர்க் குழாயில் புளியங்கொட்டை மாட்டிய மாதிரி.

5 மி.மீ.க்குள் என்றால் பெரும்பாலும் தானே வந்துவிடும். சில வாரம் வலி மாத்திரையோடு காத்திருக்கலாம். 10 மி.மீ. தாண்டியது தானாக வருவது அரிது. மேற்பகுதிக் கல்லை வெளியிலிருந்தே அதிர்வலையால் உடைக்கலாம். கீழே இருப்பதைச் சிறுநீர்த் துவாரம் வழியே மெல்லிய கருவி விட்டு லேசரால் பொடிப்பார்கள். இடைப்பட்ட அளவுதான் தலைவலி, அங்கே நோயாளியின் வலியும் அவர் பார்க்கும் வேலையும்கூடக் கணக்கில் வரும். தேங்கிய சிறுநீரில் கிருமி தொற்றிக் குளிர்காய்ச்சல் வந்தால் அளவெல்லாம் அப்புறம். உடனே ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை உள்ளே வைத்தாவது சிறுநீரை வடிக்க வேண்டும்.

வலி நின்றதும் கல் போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அடைப்பு இருந்தும் வலி அடங்கலாம், ஸ்கேன் பார்த்தால்தான் தெரியும்.