வெறி இருக்கு, கடலை எங்க?

கேள்வி: பெங்களூர்ல ஐடி கம்பெனில ஆறு வருசமா வேலை பாக்குறேன். வேலைய விட்டுட்டு ஊருக்கு வந்து மரச்செக்கு எண்ணெய் தொழில் ஆரம்பிக்கணும்னு ரெண்டு வருசமா மண்டைக்குள்ள அதே ஓட்டம்தான். பேரு, லோகோ எல்லாம் ரெடி. அப்பா வேணாங்குறார். ஜெயிச்சவங்க எல்லாருமே வெறியோட இருந்தவங்கதானே, எனக்கு அந்த வெறி இருக்கு, அது போதாதா?
- ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: தம்பி, உங்க லெட்டர் நாலு பக்கம், ரெண்டு தடவ படிச்சேன். சொந்தத் தொழில், முதலாளி, பிராண்டு இதெல்லாம் பக்கத்துக்குப் பக்கம் வருது. கடலைங்குற வார்த்தை மொத்தமா ஒரே ஒரு இடத்துலதான் வருது, அதுவும் லோகோவுல கடலை படம் போட்டிருக்கேன்னு.

வெறி வேணாம்னு நான் சொல்ல மாட்டேன், இந்த மதுரையில இருந்துக்கிட்டு அப்பிடிச் சொல்லவும் முடியாது. அண்ணா நகர் பக்கம் போறப்ப அரவிந்த் கண் ஆஸ்பத்திரிய பாத்திருப்பீங்கள்ல, அத ஆரம்பிச்ச டாக்டர் வெங்கடசாமிக்கு முப்பது வயசு வாக்குலயே முடக்குவாதம் வந்து விரல் எல்லாம் கோணிப்போச்சு, அந்த விரலாலயே கத்தி பிடிக்கப் பழகி லட்சம் ஆபரேஷனுக்கு மேல பண்ணாரு. 1976ல, அரசாங்க வேலையில ரிட்டயர் ஆகி 58 வயசுல, 11 படுக்கையோட ஆரம்பிச்சாரு. கிறுக்குன்னுதான் சொல்லுவோம், வேற என்ன சொல்றது. ஆனா அந்தக் கிறுக்கு எதுமேலன்னு பாருங்க. ஆஸ்பத்திரி முதலாளி ஆகணும்னு இல்ல, கண்புரையால ஒருத்தருக்கும் பார்வை போகக் கூடாதுன்னு. அதுக்கு அவங்க யோசிச்ச விசயம் எல்லாம் ரொம்ப சின்னச் சின்னது. ஒரு டாக்டருக்கு ரெண்டு டேபிள், இங்க ஒரு கண்ணு முடியிறதுக்குள்ள பக்கத்து டேபிள்ல அடுத்த ஆளு தயாரா படுத்திருப்பாங்க, டாக்டர் அப்பிடியே திரும்பி அடுத்ததப் பாப்பாரு, நிமிசம் வீணாகாது. கண்ணுக்குள்ள வைக்கிற லென்ஸ் வெளிநாட்டுல இருந்து வந்தா ஏழைக்குக் கட்டுபடியாகலன்னு 1992ல ஆரோலேப்னு ஆரம்பிச்சு இங்கயே செஞ்சாங்க. நிமிசத்துக்கும் லென்ஸ் விலைக்கும் மண்டைய ஒடச்சுக்கிட்ட வெறி அது.

இன்னொன்னு, ஜெயிச்சவங்க எல்லாருக்கும் வெறி இருந்துச்சுங்குறது பாதிக் கணக்குதான். அதே வெறியோட ஆரம்பிச்சு ஷட்டர இழுத்துப் பூட்டிட்டு கடனோட போனவங்கள யாரு மேடையில ஏத்திப் பேசச் சொல்றா? அவங்க கதையும் தெரிஞ்சாத்தான கணக்கு முழுசாகும்.

உங்க தொழிலுக்கே வரேன். 100 கிலோ நிலக்கடலைப் பருப்பு ஆட்டுனா சுமாரா 40 கிலோ எண்ணெய் நிக்கும், மிச்சம் பூரா புண்ணாக்கு. அந்தப் புண்ணாக்க எந்த மாட்டுக்காரருக்கு, என்ன விலைக்கு, எத்தன நாள் கடனுக்குக் குடுக்கப் போறீங்க? அதுல வர்ற காசு இல்லாம எண்ணெய் விலை கட்டுபடியே ஆகாது. காய் வாங்கும்போது கையில எடுத்து காதுகிட்ட வச்சு ஆட்டிப் பாப்பாங்க, உள்ள பருப்பு கலகலன்னு ஆடுனாத்தான் காஞ்ச காய், ஈரக்காய வாங்கிப் போட்டா பூசணம் பிடிச்சு மொத்த சரக்கும் போச்சு. நல்லெண்ணெய் ஆட்டையில எள்ளோட கருப்பட்டி எப்பப் போடணும், எம்புட்டுப் போடணும்னு செக்குல நிக்கிறவருக்குத்தான் தெரியும், வீடியோ பாத்தா வராது. நீங்க அப்பாகிட்ட சண்டை போடுறத நிறுத்திட்டு, ஆறு மாசம், மாசத்துக்கு ரெண்டு சனி ஞாயிறு ஊருக்கு வந்து யாராவது ஒரு செக்குக்காரர்கிட்ட சம்பளம் கேக்காம நில்லுங்க. மூணாவது மாசமும் அந்த புண்ணாக்கு வாசத்துல நிக்கிறதுக்கு பஸ் ஏறுனீங்கன்னா எனக்கு எழுதுங்க, அப்பாகிட்ட நானே பேசுறேன்.

கேள்வி: எங்க வீட்டுக்காரர் சுங்குடி சேலை வியாபாரம் பண்றார். நாலு வருசமா ராத்திரி ரெண்டு மணிக்கும் போனும் கணக்கு நோட்டும்தான். பிள்ளைங்க பேசுனா காதுல விழறதில்ல. கேட்டா 'இந்த வெறி இல்லன்னா தொழில் நிக்காது'ங்குறார். அது நெசமா அண்ணே?
- ஒரு வாசகி, வில்லாபுரம்

பதில்: பாதி நெசம்தான் தங்கச்சி. கனடாவுல ராபர்ட் வல்லெராண்ட்னு ஒரு மனோதத்துவ பேராசிரியர், இந்த ஆர்வத்தயே ரெண்டா பிரிச்சு 2003ல எழுதுனாரு. ஒண்ணு, நாம பிடிச்சிருக்குற ஆர்வம். இன்னொண்ணு நம்மளப் பிடிச்சு ஆட்டுற ஆர்வம், நிறுத்தணும்னு நெனச்சாலும் நிறுத்த முடியாது. வெளியில இருந்து பாத்தா ரெண்டும் ஒரே உழைப்பாத்தான் தெரியும்.

எனக்கு ரெண்டாவது வந்துருக்கு, வெக்கத்த விட்டுச் சொல்றேன். இட்லி மாவு போட்டு கடை கடையா குடுத்துக்கிட்டு இருந்தேன். ஒரு அக்னி நட்சத்திரத்துல மாவு மதியத்துக்குள்ளயே புளிச்சு பொங்கி, பாக்கெட் உப்பி, அம்புட்டும் ரிட்டன். எம்பொண்ணுக்கு அழகர்கோயில்ல காதுகுத்து அன்னைக்கு. தாய்மாமன் மடியில பிள்ளை உக்காந்திருக்கையில, நான் மண்டபத்துக்குப் பின்னாடி நின்னு போன்ல ஐஸ் கட்டிக்கு விலை பேசிக்கிட்டு இருந்தேன். பிள்ளை அழுத சத்தம் கேட்டுச்சு, திரும்பல. அந்த ஐஸால மாவு தப்பிச்சுச்சான்னு கேட்டா அதுவும் இல்ல, ராத்திரியில அரைக்கிற நேரத்த மாத்துனதுக்கு அப்புறம்தான் சரியாச்சு, அந்த யோசனையும் எனக்கு வரல, கடையில வேலை பாத்த அக்காதான் சொன்னாங்க.

ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த மொத்த வியாபாரியும் ஆர்டர் குடுக்கப் போறதில்ல. ஒரு ஞாயித்துக்கிழமை போன உங்ககிட்ட குடுத்துட்டு சாயங்காலம் வரைக்கும் இருக்க முடியுதான்னு அவரையே பாக்கச் சொல்லுங்க. முடியலன்னா சண்டை போடாதீங்க, கணக்கு நோட்ட நீங்களும் சேந்து பாருங்க. தொழில்ல எங்கயோ ஒரு கடன் உறுத்திக்கிட்டு இருக்கும், உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாரு.

கேள்வி: வயசு 34 ஆச்சு. வக்கீல் ஆபீஸ், பேங்க்னு மாறி மாறிப் போறேன், எதுலயும் ஒட்டல. இனிமேப்பட்டு தொழில் ஆரம்பிக்க முடியுமா?
- ஒரு வாசகர், மேலூர்

பதில்: டி.வி.சுந்தரம் ஐயங்கார் 1877ல பொறந்தவரு. வக்கீல், ரயில்வே, பேங்க்னு எல்லாத்தையும் பாத்துட்டு 1911ல நம்ம மதுரையில டி.வி.எஸ். கம்பெனிய ஆரம்பிச்சாரு. கழிச்சுப் பாத்துக்கங்க.