கழுத்தில் நிற்காத பட்டும் பதினைந்து வெள்ளி பஷ்மினாவும்

கேள்வி: சிங்கப்பூர் தஞ்சோங் பகாரில் எனக்கு அலுவலகம். ஏர்கான் எலும்பைத் துளைக்கிறது. போன மாதம் 90-க்கு 90 சென்டிமீட்டர் பட்டு ஸ்கார்ஃப் ஒன்றை 68 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்து வாங்கினேன். காணொளியில் காட்டியபடிதான் கட்டுகிறேன். மதியச் சாப்பாட்டுக்குள் அவிழ்ந்து மடியில் கிடக்கிறது. துணி மட்டமா, என் கை மட்டமா? (ஈசூன் வாசகி)

பதில்: இரண்டும் இல்லை. பட்டு வழுக்கத்தான் செய்யும், நல்ல பட்டும்தான். முடிச்சைத்தான் மாற்ற வேண்டும்.

முதலில் மேசைமேல் விரியுங்கள். எதிரெதிர் மூலைகள் இரண்டை நடுவுக்குக் கொண்டுவந்து, மேலும் மேலும் மடித்து நான்கு விரல் அகலப் பட்டையாக்குங்கள். மூலைக்கு மூலை ஏறக்குறைய 127 சென்டிமீட்டர் வரும். கழுத்தை இரண்டு சுற்று சுற்றினாலும் முடிச்சுக்கு மிச்சம் இருக்கும். இப்போது வலது நுனியை இடதின்மேல் போட்டு ஒரு முடிச்சு. அடுத்த முடிச்சிலும் அதே நுனிதான் மேலே வரவேண்டும். அவசரத்தில் நாம் தவறவிடுவது இந்த இடத்தில்தான். சரியாக விழுந்தால் இரண்டு நுனியும் துணியோடு ஒட்டிப் படுக்கும். தவறினால் ஒன்று மேலே, ஒன்று கீழே என்று குறுக்கே நிற்கும், அரைமணி நேரத்தில் நழுவிவிடும். கண்ணாடியில் பார்த்தாலே தெரியும்.

சரி, கட்டு நின்றுவிட்டது. ஆனால் உங்கள் குறை குளிர் அல்லவா? பட்டுச் சதுரம் கழுத்தை மட்டும்தான் மூடும். ஏர்கான் பிடிப்பது தோளையும் மேற்கையையும். அதற்கு 70 சென்டிமீட்டர் அகலம், 180 முதல் 200 சென்டிமீட்டர் நீளம் உள்ள பருத்தி அல்லது மோடல் (மரக்கூழிலிருந்து செய்யும் மென்மையான இழை) சால்வை வேண்டும். கடைக்குப் போகும்போது ஒரு அளவு நாடாவைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். விற்பவர் 'ஃப்ரீ சைஸ்' என்று சொன்னால் நம்பாதீர்கள், அளந்து பாருங்கள்.

தாவணிபோல் ஒரு தோளில் போட்டால் அழகுதான், ஆனால் விசைப்பலகையில் கை வைத்ததும் சரிந்துவிடும். இதைச் செய்து பாருங்கள்: சால்வையை நீளவாக்கில் இரண்டாக மடித்து, இரு முனைகளிலும் உள்ள இரண்டு மூலைகளையும் சேர்த்து முடிச்சுப் போடுங்கள். இரண்டு பக்கமும் கை நுழையும் வளையம் கிடைக்கும். கைகளை விட்டால் சின்ன சட்டைபோல் முதுகில் உட்கார்ந்துவிடும், தட்டச்சு செய்யத் தடையில்லை. மாலையில் முடிச்சை அவிழ்த்தால் மறுபடி சால்வை.

எம்ஆர்டி ரயில் நிலைய மின்படிகளில் மட்டும் நுனியைத் தொங்கவிடாதீர்கள். இசடோரா டங்கன் என்ற நடனக் கலைஞர் 1927-இல் பிரான்சின் நீஸ் நகரில் இறந்தது, அணிந்திருந்த நீண்ட கழுத்துத் துணி கார்ச் சக்கரத்தில் சிக்கியதால்தான்.

கேள்வி: 15 வெள்ளிக்கு 'நூறு சதவீதம் பஷ்மினா' என்று சொல்லி ஒரு சால்வை விற்றார்கள். மோதிரத்துக்குள் நுழைத்துக் காட்டினார்கள், சரசரவென்று நுழைந்தது. உண்மையா? (தெம்பனிஸ் வாசகி)

பதில்: விலையே பதில் சொல்கிறதே! பஷ்மினா என்பது லடாக்கின் சாங்தாங் போன்ற குளிர்ந்த உயர்நிலங்களில் வளரும் வெள்ளாட்டின் உள்மயிர். அது ஏறக்குறைய 12 முதல் 16 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பருமன்தான் இருக்கும். அதைச் சீவி, பிரித்து, கையால் நூற்று நெய்த சால்வைக்கு 15 வெள்ளி கூலிக்கே காணாது.

மோதிரச் சோதனை எதையும் காட்டிக் கொடுக்காது. மெல்லிய துணி எதுவானாலும் மோதிரத்தில் நுழையும், என் பழைய துப்பட்டாகூட நுழையும். 'மோதிரச் சால்வை' என்று பெயர் வாங்கியது ஷாத்தூஷ். அது திபெத்திய மானைக் கொன்று எடுக்கும் மயிர், பன்னாட்டு வணிகத்தில் தடை செய்யப்பட்டது. யாராவது ரகசியக் குரலில் அதைக் காட்டினால் நின்று பார்க்கவே வேண்டாம்.

பின் எப்படிக் கண்டுபிடிப்பது? சால்வையின் ஓரக் குஞ்சத்திலிருந்து ஒரே ஒரு நூலை எடுத்து, இடுக்கியில் பிடித்து, தட்டின்மேல் கொளுத்துங்கள். பஷ்மினாவோ வேறு கம்பளியோ என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். மரக்கூழிலிருந்து செய்யும் விஸ்கோஸ் காகிதம்போல் எரியும், வாடையும் காகித வாடைதான். தீபாவளிச் சந்தையில் 25 வெள்ளி கொடுத்து நான் வாங்கிய 'பஷ்மினா' வீட்டில் பழைய செய்தித்தாள்போல் மணத்தது. இன்றும் அதைத்தான் போட்டுக்கொண்டு திரிகிறேன், நல்ல விஸ்கோஸ். விஸ்கோஸ் என்றே சொல்லி விற்றிருந்தால் எனக்குக் கோபமே வந்திருக்காது. ஒன்று, சாதாரண செம்மறியாட்டுக் கம்பளியும் அதே முடி கருகும் வாடைதான். அதனால் இந்தச் சோதனை பொய்யைப் பிடிக்கும், பஷ்மினா என்று சான்று தராது.

பணம் திரும்பக் கிடைக்குமா? மனம் மாறியதற்காகப் பொருளைத் திரும்ப எடுக்கக் கடைக்குக் கட்டாயம் இல்லை. ஆனால் இழையைப் பொய்யாகச் சொல்லி விற்பது வேறு விஷயம், அது பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நியாயமற்ற நடைமுறை. அதனால் ரசீதில் 'பஷ்மினா' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கடைக்காரர் பேனாவை எடுக்கத் தயங்கினால் விஷயம் புரிந்துவிடும். ரசீது கையில் இருந்தால் கேஸ் (CASE) எனும் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திடம் புகார் தரலாம். சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றமும் உண்டு: 20,000 வெள்ளிவரை, இரண்டு ஆண்டுக்குள். அங்கே பயனீட்டாளருக்குக் குறைந்தபட்சக் கட்டணமே 10 வெள்ளி என்பதால், 15 வெள்ளிச் சால்வைக்கு அந்தப் பக்கம் போவது உங்கள் வைராக்கியத்தைப் பொறுத்தது.

கேள்வி: பள்ளி விடுமுறைக்கு டிசம்பரில் தென்கொரியாவின் சோல் நகருக்குப் போகிறோம். என்ன ஸ்கார்ஃப், எப்படிக் கட்டுவது? (பொங்கோல் வாசகர்)

பதில்: கம்பளி, பெரியவர்களுக்கு 180 சென்டிமீட்டர் நீளம். இரண்டாக மடித்துக் கழுத்தில் போட்டு, நுனிகளை மடிப்பு வளையத்துக்குள் நுழைத்து இழுங்கள். பிறகு நுனிகள் மேலங்கிக்கு உள்ளே. வெளியே தொங்கினால் படம் நன்றாக வரும், காற்றும் நன்றாக உள்ளே போகும். உறுத்தினால் அடியில் பருத்தி கைக்குட்டை ஒன்றைச் சுற்றிக்கொள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கட்டே வேண்டாம், தலைவழியாக மாட்டும் கழுத்துக் குழாய் போதும். வெளிநாட்டு இணையக் கடையில் வாங்கினால், 400 வெள்ளிக்குக் கீழ் என்றாலும் 2023 முதல் ஜிஎஸ்டி வரலாம், இப்போது 9 சதவீதம். விலை ஒப்பிடும்போது அதையும் கூட்டுங்கள்.

கேள்வி: என் கணவர் சமூக மன்றத் தொண்டூழியர். மேடைக்கு மேடை பொன்னாடை. அலமாரியில் பதினான்கு. ஸ்கார்ஃபாகப் போடலாமா? (உட்லண்ட்ஸ் வாசகி)

பதில்: போடலாம், ஆனால் ஜரிகை கழுத்தை அராவும். ஜரிகை ஓரத்தை வெளிப்பக்கம் வைத்து மடித்துப் பாருங்கள். பெரும்பாலும் பாலியஸ்டர் என்பதால் நம் வெயிலில் வேர்க்கும், ஏர்கான் அறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மிச்சத்தை மெத்தை உறையாகத் தைக்கலாம். ஒன்றை மட்டும் மடித்து வையுங்கள், அடுத்த மேடையில் அவர் யாருக்காவது போர்த்த வேண்டி வரும்.