கழல மறுக்கும் கியர் குமிழ்

கேள்வி: கியர் குமிழின் மேல்தோல் வெயிலில் பிசுபிசுத்து உரிகிறது. புதியது வாங்கிவிட்டேன். பழையதைத் திருகினால் அசையவில்லை. பிளேயர் போடலாமா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: வேண்டாம். உங்கள் குமிழ் மரையில் திருகியதா, அழுத்திச் செருகியதா என்பதை முதலில் பாருங்கள். செருகிய குமிழ் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் கழலாது. லிவர் முறுகி, அடியிலுள்ள புஷ்ஷும் கேபிள் முனையும்தான் கெடும்.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்த பிறகு நியூட்ரலுக்கு வாருங்கள். லிவரைச் சுற்றியுள்ள தோலுறையின் சட்டம் கிளிப்பில்தான் நிற்கும். விரலாலோ பிளாஸ்டிக் நெம்பியாலோ தூக்குங்கள். ஸ்க்ரூடிரைவர் கான்சோலில் தழும்பு போட்டுவிடும். உறையைக் குமிழ் பக்கமாகப் புரட்டினால் கழுத்து தெரியும்.

குமிழுக்கு அடியில் லாக் நட் இருந்தால் அது மரைக் குமிழ். குமிழைப் பிடித்துக்கொண்டு, மேலிருந்து பார்க்கக் கடிகாரச் சுற்றில் நட்டைத் திருப்பினால் அது கீழே இறங்கி விலகும். பிறகு குமிழை எதிர்ச்சுற்றில் கழற்றலாம். நட் இல்லாமல் இறுகியிருந்தால் பெரும்பாலும் மரையில் பசை இருக்கும். ஹேர் டிரையரால் சில நிமிடம் சூடாக்கி, பழைய சைக்கிள் ட்யூப் துண்டைச் சுற்றி இறுகப் பிடித்துத் திருகுங்கள். மறு கை லிவர் தண்டைப் பிடித்திருக்கட்டும். குமிழ் மேலே ஏறாமல் ஓயாமல் சுற்றினால், உள்ளிருக்கும் உலோக மரைக்குழல் பிளாஸ்டிக்கை விட்டுவிட்டது என்று அர்த்தம். மேலே இழுத்தபடி திருகுங்கள். அதற்கும் மசியாவிட்டால் குமிழை ரம்பத்தால் பிளக்க வேண்டியதுதான். தண்டின் மரையில் பல் படக்கூடாது.

பல பி.எம்.டபிள்யூ. கார்களில் குமிழ் செருகியது. நேராக மேலே இழுக்க வேண்டும். படீரென்று வரும், முகத்தைத் தள்ளி வையுங்கள். ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா கார்கள் பலவற்றில் குமிழும் உறையும் ஒன்றாக வரும். கழுத்தில் நெரித்த கிளாம்ப் ஒருமுறைக்குத்தான். வெட்டி எடுக்குமுன் புதியதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதிய குமிழ் இரண்டு சுற்று ஏறி நின்றுவிடுகிறது. எண்ணெய் விட்டு இறுக்கலாமா?
– வாசகி, கரூர்

பதில்: இறுக்கினால் தண்டின் மரையே போய்விடும். மரை அளவு பொருந்தவில்லை. ஹோண்டாவில் பெரும்பாலும் 10 மி.மீ. தண்டு, 1.5 மி.மீ. இடைவெளி மரை, மஸ்டாவில் அதே 10, ஆனால் 1.25, டொயோட்டாவில் 12, 1.25. பழைய குமிழைக் கடைக்கு எடுத்துப்போய் ஒப்பிட்டு வாங்குங்கள். முழுதும் இறுக்கிய பின் கியர் எண்கள் கோணலாக நின்றால், எண்களை நேராக்கி அடியில் லாக் நட் போட்டுப் பூட்டினால் போதும்.

கேள்வி: ரிவர்ஸ் போட வளையத்தைத் தூக்க வேண்டிய கார். உலோகக் குமிழ் பொருந்துமா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: வளையம் தடையில்லாமல் முழுதும் மேலே வந்தால் பொருந்தும். குமிழ் அதை இடித்தால் ரிவர்ஸ் விழாது. சில கார்களில் வளையமும் குமிழும் ஒரே பாகம். அங்கே கம்பெனி பாகத்தைத்தான் வாங்க வேண்டும். வெயிலில் நிறுத்தும் வண்டி என்றால் உலோகமே வேண்டாம், கை சுடும்.