காந்தப் படுக்கையும் விரல் விறைப்பும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நங்கநல்லூரிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 63 வயது. நான்கைந்து வருடமாக முட்டி வலி. எக்ஸ்ரே பார்த்த டாக்டர் 'தேய்மானம்' என்றார். எங்கள் வீட்டுக்கு மூன்று தெரு தள்ளி ஒரு காந்த சிகிச்சை மையம் திறந்திருக்கிறார்கள். இலவசம் என்பதால் நான்கு மாதமாக அம்மா தினமும் காலையில் நடந்து போய், காந்தப் படுக்கையில் அரைமணி நேரம் படுத்துவிட்டு வருகிறார். கையில் காந்தக் காப்பு வேறு. அது 2,400 ரூபாய். முட்டி வலி பாதி குறைந்துவிட்டது என்கிறார், வலி மாத்திரையையும் நிறுத்திவிட்டார். இப்போது அந்தப் படுக்கையையே வாங்கச் சொல்கிறார்கள். 95,000 ரூபாய். ரத்தத்தில் இரும்பு இருக்கிறது, காந்தம் அதை இழுத்து ரத்த ஓட்டத்தைச் சீராக்கும் என்று படம் போட்டுக் காட்டினார்களாம்.

நான் பி.காம். படித்தவள். இது சரியா தவறா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. 'ஏமாத்து வேலைம்மா' என்றேன். 'வலி எனக்கா உனக்கா?' என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. அம்மாவின் விரல்களிடம் மட்டும் காந்தம் பலிக்கவில்லை. மூன்று மாதமாகக் காலையில் எழுந்ததும் இரண்டு கை விரல்களும் மடங்குவதில்லை, விறைப்பு விடப் பத்து மணி ஆகிறது. அதற்குத் தனியாகக் காந்தக் கையுறை இருக்கிறது என்கிறார்கள். காந்த சிகிச்சை உண்மையா? படுக்கையை வாங்கலாமா? என் பெயர் வேண்டாம்.

– ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரி,

படுக்கையை வாங்க வேண்டாம். அந்தக் கேள்விக்கு அவ்வளவுதான் பதில், காரணங்களைப் பிறகு சொல்கிறேன். முதலில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த விரல் விஷயத்துக்கு வருகிறேன். கடிதத்தைப் படித்ததிலிருந்து அதுதான் மனதில் கிடந்து உறுத்துகிறது.

இரண்டு கைகளிலும், காலையில், மணிக்கணக்காக, மூன்று மாதமாக. இந்த நான்கும் சேர்ந்து வந்தால் அது வெறும் வயசுக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. தேய்மானத்தாலும் காலையில் விறைப்பு வரும், ஆனால் நாலு எட்டு நடந்தால், பத்திருபது நிமிடத்தில் விலகிவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கிற விறைப்பு, அதுவும் இரண்டு கைகளின் சிறு மூட்டுகளிலும் ஒரேபோல வருவது, முடக்குவாதத்தின் அடையாளமாக இருக்கலாம். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்று டாக்டர்கள் சொல்வது அதைத்தான். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தி, தடம் மாறித் தன் மூட்டுகளையே தாக்குகிற நோய். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருவது. நான் மருத்துவன் அல்ல. உங்கள் அம்மாவுக்கு அதுதான் என்று சொல்லவும் மாட்டேன். பார்க்க வேண்டியவரிடம் இந்த வாரமே காட்டுங்கள் என்று மட்டும் சொல்வேன்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், என் அத்தைக்கு நடந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனத்தில் இருந்தார்கள். மார்கழி வந்தால் அந்தத் தெருவில் அத்தையின் கோலத்தைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் நிற்பார்கள். 1994 மார்கழியில் ஒருநாள் புள்ளி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். 'மாவு இழையா விழ மாட்டேங்குதுடா, விரல் சேரல' என்றார். அப்போது எங்கள் யாருக்கும் அது நோயின் பேச்சு என்று புரியவில்லை. தெரிந்தவர் ஒருவர் காந்த சிகிச்சை செய்பவரிடம் கூட்டிப்போனார். வட துருவக் காந்தம் ஒரு கைக்கு, தென் துருவக் காந்தம் இன்னொரு கைக்கு, காந்தத்தின் மேல் வைத்த தண்ணீர் ஒரு வேளைக்கு ஒரு டம்ளர். அவர் கெட்டவர் இல்லை, பல நாள் காசுகூட வாங்கவில்லை. ஆனால் 'மாத்திரை எல்லாம் விஷம், அதை விட்டால்தான் காந்தம் வேலை செய்யும்' என்றார். அத்தை விட்டுவிட்டார். ஒன்றரை வருடம் போயிற்று. நடுவில் சில வாரம் நன்றாக இருந்தது, அந்த வாரங்களைத்தான் காந்தத்தின் கணக்கில் எழுதினோம். பொது மருத்துவமனைக்கு அழைத்துப் போனபோது விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிட்டிருந்தன. மருந்து கேட்டது, வலியும் வீக்கமும் அடங்கின. சாய்ந்த விரல்கள் மட்டும் நிமிரவில்லை. அதன்பிறகு அத்தை கோலம் போடவே இல்லை.

முடக்குவாதத்தில் முதல் சில மாதங்கள்தான் பொன்னான காலம். மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள் நோயின் போக்கையே மாற்றக்கூடியவை. அந்தச் சமயத்தில் தொடங்கினால் மூட்டு அரிக்கப்படுவதைப் பெரும்பாலும் தடுத்துவிடலாம். அரித்த பிறகு தொடங்கினால் மிச்சமிருப்பதைத்தான் காப்பாற்ற முடியும். (அந்த மாத்திரை வாரத்துக்கு ஒருநாள் மட்டுமே சாப்பிட வேண்டியது. தவறுதலாகத் தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. டாக்டர் எழுதிக்கொடுத்தால் கிழமையைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள்.)

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

ரத்தத்தில் இரும்பு இருப்பது உண்மை. ஆனால் ஆணியில் இருக்கும் இரும்பு வேறு, ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினில் இருக்கும் இரும்பு வேறு. ஆணியில் எண்ணற்ற இரும்பு அணுக்கள் நெருக்கியடித்து அணிவகுத்து நிற்கின்றன, ஒன்று திரும்பினால் பக்கத்தில் இருப்பதும் திரும்பும். அதனால்தான் காந்தம் ஆணியைக் கவ்வுகிறது. ரத்தத்தில் ஒவ்வொரு இரும்பு அணுவும் பெரிய புரதத்துக்குள் தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறது. 1936-ல் லைனஸ் பாலிங், சார்லஸ் கொரியெல் என்ற இரண்டு வேதியியலாளர்கள் இதை அளந்தே பார்த்துவிட்டார்கள். ஆக்சிஜன் ஏந்திய ஹீமோகுளோபினைக் காந்தம் இழுப்பதே இல்லை, மிக மிக மெலிதாகத் தள்ளுகிறது. ஆக்சிஜனை இறக்கிவைத்த பிறகு மிக மெலிதாக இழுக்கிறது. நுட்பமான கருவி இல்லாமல் இரண்டும் தெரியாது.

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்தவர்கள் உங்கள் சொந்தத்திலேயே இருப்பார்கள். அந்தக் குழாய்க்குள் இருக்கும் காந்தப்புலம் சாதாரணமாக 1.5 டெஸ்லா (காந்தப்புலத்தை அளக்கும் அலகு), சில இடங்களில் 3. நங்கநல்லூரில் நிற்கும் உங்கள் மேல் பூமி செலுத்தும் காந்தப்புலத்தைப்போல முப்பதாயிரம் மடங்குக்கும் மேல். ஆணியை இழுப்பதுபோல ரத்தத்தைக் காந்தம் இழுக்குமென்றால் அதற்குள் போன ஒருவரும் உயிரோடு வெளியே வர முடியாது. போகிறவர்கள் அரைமணி நேரம் படுத்திருந்துவிட்டு எழுந்து வருகிறார்கள். முட்டி வலிக்காரர் அதே முட்டி வலியோடுதான் வருகிறார். காப்பில் இருக்கும் காந்தம் அதைவிட மிகவும் வலுக்குறைந்தது. அதுவும் கொஞ்சம் விலகினாலே சட்டென்று வலுவிழந்துவிடும். மணிக்கட்டில் கட்டிய காந்தம் முட்டியை எட்டவே எட்டாது.

சோதித்துப் பார்க்காமலே ஒதுக்கிவிட்டார்கள் என்று அந்த மையத்தில் சொல்லக்கூடும். சோதித்திருக்கிறார்கள். 2004-ல் இங்கிலாந்தில் இடுப்பு, முட்டித் தேய்மானம் உள்ள 194 பேருக்கு 12 வாரம் காப்பு மாட்டினார்கள். சிலருக்கு நல்ல காந்தம், சிலருக்கு வலுக்குறைந்தது, சிலருக்குக் காந்தமே இல்லாத பொய்க்காப்பு. நல்ல காந்தம் மாட்டியவர்களுக்குப் பொய்க்காப்புக்காரர்களைவிட வலி சற்றே அதிகம் குறைந்தது, 20-க்குப் போடும் மதிப்பெண்ணில் 1.3 அளவுக்கு. ஆனால் வலுவான காந்தத்துக்கும் வலுக்குறைந்ததற்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. பொய்க்காப்பு இரும்பில் ஒட்டாது என்பதை வீட்டில் யாரும் கண்டுபிடித்துவிடலாம். எனவே இது காந்தத்தின் வேலையா, நம்பிக்கையின் வேலையா என்று சொல்ல முடியவில்லை என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. பிறகு யார்க் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் முடக்குவாதம் உள்ள 70 பேரை எடுத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் காந்தப் பட்டை, வலுக்குறைந்த பட்டை, காந்தம் நீக்கிய பட்டை, செம்புக் காப்பு என்று நான்கையும் மாற்றி மாற்றி ஐந்து வாரம் வீதம் கொடுத்துப் பார்த்தார்கள். 2013-ல் முடிவு வந்தது. வலியும் குறையவில்லை, வீக்கமும் குறையவில்லை, நோயும் குறையவில்லை. உங்கள் அம்மாவுக்குக் காட்டிய கையுறைக்கு இதுதான் பதில்.

எலும்பு முறிந்து கூடாமல் இருக்கும்போது மருத்துவமனையில் துடிப்பு மின்காந்தக் கருவி வைப்பதுண்டு. அமெரிக்காவில் 1979-லேயே அதற்கு அனுமதி கிடைத்தது. விற்பனையாளர்கள் அதையும் இதையும் கலந்து பேசுவார்கள். மின்சாரத்தால் துடிக்கும் அந்தப் புலத்துக்கும், காப்பில் சும்மா இருக்கும் காந்தத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அப்படியானால் அம்மாவின் முட்டி வலி எப்படிக் குறைந்தது? அவர் சொல்வது பொய்யில்லை. 'ஏமாத்து வேலை' என்ற உங்கள் சொல் அவருக்குச் சுட்டதும் இதனால்தான். தன் வலியைத் தானே அறியாதவள் என்று மகள் சொன்னதாக அவர் காதில் விழுந்திருக்கும். உங்கள் கடிதத்திலேயே விடை இருக்கிறது பாருங்கள். நான்கு மாதமாகத் தினமும் மூன்று தெரு நடந்து போய் நடந்து வருகிறார். முட்டித் தேய்மானத்துக்கு நடையைவிடவும் தொடைத் தசையை வலுவாக்குவதைவிடவும் நல்ல மருந்தை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இப்படிப்பட்ட படுக்கைகள் பலவற்றில் சூடும் உண்டு. இளஞ்சூடு மூட்டுக்கு இதம் தரும். அரைமணி நேரம் அடுப்படி வேலை இல்லாமல் காலை நீட்டிப் படுக்கிறார், பக்கத்துப் படுக்கைக்காரரிடம் நாலு வார்த்தை பேசுகிறார். 63 வயதுப் பெண்ணுக்கு நம் வீடுகளில் இது எங்கே கிடைக்கிறது? தவிர, தேய்மான வலி ஏறி இறங்கும் குணமுள்ளது. உச்சத்தில் இருக்கும்போதுதான் புது வைத்தியம் தேடிப் போவோம், அதன்பின் அது தானாகவே கொஞ்சம் இறங்கும்.

இதில் காசு கேட்பது காந்தம் ஒன்றுதான். மற்றதெல்லாம் அம்மாவே சம்பாதித்தது. இதை அவரிடம் சொல்லுங்கள், 'நீ நடந்துதாம்மா உன் முட்டியைச் சரிபண்ணிக்கிட்டே' என்று.

நடை நிற்கக்கூடாது. படுக்கை வீட்டுக்கு வந்துவிட்டால் அந்த மூன்று தெரு நடையும் நின்றுபோகும் என்பதையும் யோசியுங்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்து, மெதுவாக இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும். எடை கூடுதலாக இருந்தால் ஒரு கிலோ குறைத்தாலும், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முட்டிக்கு நான்கு கிலோ சுமை குறையும். இதுவும் அளந்து சொன்ன கணக்குதான். தமிழக அரசு 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருகிறார்கள். அம்மா நடமாடுகிறார், அவருக்கு இப்போது தேவையில்லை. அந்த மையத்தில் பக்கத்துப் படுக்கையில் இருப்பவர்கள் வீட்டில் யாருக்காவது தேவைப்படலாம், சொல்லி வையுங்கள்.

வலி மாத்திரையை நிறுத்தியதைப் பற்றி டாக்டரிடம் மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள். கடையில் வாங்கித் தினமும் விழுங்கியிருந்தால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் அது கெடுக்கக்கூடும். அந்த அளவில் நிறுத்தியது நல்லதாகவும் இருக்கலாம். எதைத் தொடர்வது, எதை விடுவது என்பதை அவர் சொல்லட்டும்.

காப்பு கையில் இருக்கட்டும். அதற்காக இன்னொரு சண்டை வேண்டாம். ஆனால் வீட்டில் யாருக்காவது இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் காந்தம் அவர் நெஞ்சருகே வரவே கூடாது, ஒரு சாண் தூரமாவது தள்ளியிருக்க வேண்டும். பேஸ்மேக்கர் காந்தத்தால் தன் இயல்பான ஓட்டத்திலிருந்து மாறிவிடும். சிறு காந்தக் குண்டுகள் கோத்த காப்பு என்றால் குழந்தைகள் கைக்கும் எட்டக்கூடாது. இரண்டை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துக் குடலையே துளைத்துவிடும்.

இன்னொன்று. 1954-லேயே நம் நாட்டில் மருந்து, மாய நிவாரணி விளம்பரங்களுக்கு எதிராக ஒரு சட்டம் போட்டார்கள். இவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக்கூடாது என்று அதில் பட்டியல் போட்ட 54 நோய்களில் வாதநோயும் ஒன்று. எழுபது வருடம் கழித்தும் நம் தெருவில் நோட்டீஸ் கொடுக்கிறார்கள். அதைக் கிழித்துப் போடாமல் பத்திரமாக வைத்திருங்கள், புகார் கொடுக்க மனம் வந்தால் தேவைப்படும்.

டாக்டரிடம் போவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: விறைப்பு எந்த மாதம் தொடங்கியது, காலையில் எத்தனை மணிக்கு எழுந்து எத்தனை மணிக்கு விரல் மடங்குகிறது, எந்தெந்த விரல் வீங்குகிறது, காய்ச்சலோ அசதியோ உண்டா, குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா. எலும்பு டாக்டரிடம் இல்லை, வாதநோய் நிபுணரிடம் போக வேண்டும். ருமட்டாலஜி என்று கேளுங்கள். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் அதற்கென்றே தனித் துறை இருக்கிறது. பெரும்பாலும் சில ரத்தப் பரிசோதனைகளும் கை எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்வார்கள். அந்த 95,000 ரூபாயில் ஒரு சிறு பங்குகூட ஆகாது.

கூட்டம் இருக்கும், விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். விரல் விறைத்திருக்கும்போதே டாக்டர் பார்ப்பது நல்லது. அம்மாவுக்கு டம்ளரைப் பிடிக்க முடியாத நேரம் அது, காப்பியை நீங்கள் ஆற்றிக் கொடுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.