ஜென்னி லீ பற்றிய பேச்சை எங்கே தொடங்குவது?

பிரிட்டிஷ் அரசியல்வாதி ஜென்னி லீயைப் பற்றிக் கல்லூரியில் ஐந்து நிமிடம் பேச வேண்டும், ஆனால் தேடியதில் எல்லாம் ‘அனூரின் பெவனின் மனைவி’ என்றுதான் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். பிரிட்டனின் தேசிய மருத்துவச் சேவையை உருவாக்கிய அமைச்சரான பெவனைக் கடைசியில் ஒரு வரியில் சொன்னால் போதும், 1929 மார்ச்சில் தொடங்குங்கள். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் பகுதியில் சுரங்கத் தொழிலாளி வீட்டில் பிறந்து, எடின்பரோவில் படித்து, பள்ளி ஆசிரியையாக இருந்தவர், வடக்கு லானார்க் இடைத்தேர்தலில் ஜெயித்து எம்.பி. ஆகிறார். வயது 24. அப்போது பெண்களுக்கு ஆண்களைப் போலவே 21 வயதில் ஓட்டு என்று 1928இல் சட்டம் வந்துவிட்டாலும் புதிய வாக்காளர் பட்டியல் நடைமுறைக்கு வரவில்லை, ஆகவே அவரால் ஓட்டுப் போட முடியாது, சட்டம் இயற்ற முடியும்! இதைச் சொன்னாலே அரங்கம் நிமிர்ந்து உட்காரும். முதல் பேச்சிலேயே நிதியமைச்சர் சர்ச்சிலின் பட்ஜெட்டைப் பிடி பிடி என்று பிடித்தார்.

1931இல் தோற்றார், மறுபடி நாடாளுமன்றம் போக 1945 ஆனது. நடுவில் உள்ளதை வேகமாகக் கடந்துவிடுங்கள்.

அப்புறம் மிச்ச நேரத்தை எல்லாம் பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுங்கள். பிரதமர் ஹரோல்ட் வில்சன் அதை உருவாக்கும் பொறுப்பை ஜென்னி லீயிடம் தந்தபோது, வேலைக்குப் போகிறவர்களுக்கு ஏதோ இரண்டாந்தரப் படிப்பு என்று பலரும் ஏளனம் செய்தார்கள். அவர் அசையவே இல்லை: சேர முன்தகுதி எதுவும் வேண்டாம், ஆனால் பட்டம் மற்ற பல்கலைக்கழகங்களுக்கு ஒரு இம்மியும் குறையக் கூடாது என்றார். 1969இல் அரச சாசனம் கிடைத்தது, 1971 ஜனவரியில் வகுப்புகள் தொடங்கின. என்னைக் கேட்டால் அவருடைய ஆகப்பெரிய சாதனை அதுதான். அதற்குள் 1970 தேர்தலில் அவர் 1945இல் வென்ற கேனக் தொகுதியை இழந்திருந்தார், அதையும் மறக்காமல் சொல்லுங்கள்.