அமெரிக்க உள்நாட்டுப் போருக்கு முன் வடக்கு முழுக்க அடிமை முறையை எதிர்த்ததா, தெற்கு முழுக்க ஆதரித்ததா?

இல்லை. வரைபடத்தில் ஒரு கோடு போட்டுப் பிரிப்பது பள்ளிப் பாடத்துக்குச் சரி; நிலவரம் அப்படி இல்லை.

வடக்கையே எடுத்துக்கொள்வோம். அடிமை முறை வேண்டாம் என்ற பலருக்குக் கறுப்பர்கள் பக்கத்தில் குடியிருப்பதும் வேண்டாம். கறுப்பர்கள் வந்து குடியேறவே கூடாது என்று இல்லினாய் மாநிலம் 1853-இல் சட்டம் போட்டது. லிங்கன் வாழ்ந்த மாநிலம்! அடிமை ஒழிப்பைப் பேசிய வில்லியம் லாயிட் காரிசனை 1835-இல் பாஸ்டனில் ஒரு கும்பல் கயிறு கட்டி இழுத்துப்போனது. அவர் உயிரைக் காப்பாற்றச் சிறையில் வைக்க வேண்டியதாயிற்று. நியூயார்க் வணிகர்கள் தெற்கத்திப் பருத்தியில் கொழித்தவர்கள். தென் மாநிலங்கள் நாட்டைவிட்டுப் பிரிந்துகொண்டிருந்த 1861 ஜனவரியில் அந்நகர மேயர் ஃபெர்னாண்டோ வுட், நாமும் பிரிந்து தனி நகரமாகிவிடலாமே என்று யோசனை சொன்னார்.

தெற்கில் எல்லாம் மண்ணைப் பொறுத்தது. பருத்தியும் நெல்லும் விளைந்த தென் கரோலினாவில் 1860 கணக்கெடுப்பின்படி பாதிக்கு மேற்பட்டோர் அடிமைகள். டெலவேரில் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. வர்ஜீனியாவின் மேற்கு மலைப்பகுதியில் பெருந்தோட்டம் போட இடமேது? அது 1863-இல் தனி மாநிலமே ஆனது. அடிமைகள் மேல் வந்த இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். கிழக்குப் பக்கப் பண்ணையார்கள் மேல் இருந்த எரிச்சல்தான் அதிகம்.

அடிமை வைத்திராத வெள்ளையர்களே தெற்கில் பெரும்பான்மை. அவர்களிலும் பலர் ஆதரித்தார்கள்: என்றைக்காவது நாமும் வாங்கலாம் என்ற நப்பாசை, அப்புறம் தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற மிதப்பு.