தீவுக்குப் போன படைகள்: வாசகர் கேள்வி, எங்கள் பதில்

கேள்வி: 1988-ல் மாலத்தீவின் தலைநகர் மாலேயை ஒரே இரவில் மீட்ட நம் ராணுவம், முந்தைய வருடம் யாழ்ப்பாணத்தில் மட்டும் ஏன் அப்படிச் சிக்கிக்கொண்டது?
(வாசகர், மாட்டுங்கா, மும்பை)

பதில்: மாலேயில் வேலை ஒன்றே ஒன்றுதான். அதிபர் கயூமைக் காப்பாற்றி, ஆட்சியைக் கவிழ்க்க வந்த கூலிப்படையை விரட்ட வேண்டும். எதிரே சுமார் 80 பேர். ஊரில் அவர்களுக்கு ஆதரவு இல்லை. விமான நிலையம் ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருக்கிறது. அதைப் பிடிக்காமல் விட்டதுதான் கூலிப்படையின் பெரிய தவறு. நவம்பர் 3 இரவு ஆக்ராவிலிருந்து ஐ.எல்.-76 விமானங்களில் போன பாராசூட் படை முதலில் ஓடுதளத்தைக் காபந்து செய்துகொண்டு, பிறகு கிடைத்த படகுகளில் மாலேக்குக் கடந்தது. பணயக்கைதிகளோடு கப்பலில் தப்பியவர்களைக் கடற்படையின் கோதாவரி, பேட்வா போர்க்கப்பல்கள் மடக்கின. பணயக்கைதிகளில் சிலர் பிழைக்கவில்லை. வெற்றிக்கதை சொல்பவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள்.

யாழ்ப்பாணத்தில் எல்லாமே தலைகீழ். 1987 ஜூலை 29 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும். ஆயுதத்தை ஒப்படைக்க வேண்டிய புலிகள் கையெழுத்துப் போடவில்லை. 48 மணி நேரத்தில் சண்டை நிறுத்தம், அடுத்த 72 மணி நேரத்தில் ஆயுத ஒப்படைப்பு என்று காகிதத்தில் கெடு இருந்தது. ஆகஸ்ட் 5-ல் பலாலி விமானத் தளத்தில் கொஞ்சம் ஆயுதம் வந்தது, அவ்வளவுதான். அக்டோபரில், நடுவராகப் போன படையே சண்டையின் ஒரு தரப்பானது. பல்கலைக்கழக வளாகத்தில் ஹெலிகாப்டரில் இறக்கிய சீக்கியப் பிரிவு வீரர்கள் 30 பேரில் 29 பேர் மாண்டார்கள். ஹெலிகாப்டர்கள் சூடு வாங்கியதால் பின்னால் வரவேண்டிய ஆட்கள் வரவே முடியவில்லை. அதே மாதம் யாழ் ஆஸ்பத்திரிக்குள் நடந்த துப்பாக்கிச்சூட்டில் டாக்டர்களும் நர்சுகளும் நோயாளிகளும் இறந்தார்கள். மாலை போட்டு வரவேற்ற ஊர் அதன்பின் முகம் கொடுக்கவில்லை. 1990 மார்ச் 24-ல் கடைசிப் பிரிவு திருகோணமலையை விட்டுக் கிளம்பும்போது நம் தரப்பில் சுமார் 1,200 பேர் இறந்திருந்தார்கள்.

கேள்வி: பக்கத்துத் தீவு நாட்டுக்குப் படை போய் ஆயுதங்களை உண்மையிலேயே வாங்கிய உதாரணம் உண்டா?
(வாசகர், ஆர்.கே.புரம், டெல்லி)

பதில்: உண்டு. சாலமன் தீவுகள், 2003. ஆஸ்திரேலியா தலைமையில் பசிபிக் நாடுகள் போயின. வரிசையைக் கவனியுங்கள். முதலில் அந்த நாட்டுப் பிரதமரே உதவி கேட்டார். அடுத்து அவர்கள் நாடாளுமன்றமே சட்டம் போட்டு, வருகிறவர்களுக்கு என்ன அதிகாரம் என்று எழுதிவைத்தது. ஜூலை 24-ல் படை இறங்கியது. முன்னால் நின்றது போலீஸ். ராணுவம் பின்னால் துணைக்கு. ஆயுதம் ஒப்படைக்க 21 நாள் பொதுமன்னிப்பு, அதன்பின் வைத்திருந்தால் சிறை. சுமார் 3,700 ஆயுதங்கள் சேர்ந்தன. அவற்றை ஜனங்கள் கண்ணெதிரிலேயே அழித்தார்கள். இது நாடகமல்ல. 2000-ல் கலகக்காரர்கள் எடுத்தது போலீஸின் ஆயுதக் கிடங்கிலிருந்துதான்; பூட்டிவைத்தால் மறுபடி வெளியே வரும் என்று ஊருக்கே தெரியும். உள்ளூர் போலீஸிலும் நூற்றுக்கணக்கானோரை நீக்கினார்கள்.

சறுக்கல் எங்கே? நிலைமை சீரானதும் ராணுவத்தைக் குறைத்தார்கள். 2006 ஏப்ரலில் புதிய பிரதமர் தேர்வையொட்டிக் கலவரம் வெடித்து, தலைநகர் ஹோனியாராவின் சைனாடவுன் எரிந்தது. அவசரமாகத் திரும்ப ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று. துப்பாக்கியைப் பிடுங்கிவிடலாம், நிலம், வேலை, எந்தத் தீவுக்காரனுக்கு எந்தப் பங்கு என்ற வழக்கைப் போலீஸ் தீர்க்காது. 2017 ஜூன் 30-ல் அந்தப் பணி முடிந்தது. 2021-ல் மறுபடி கலவரம், மறுபடி ஆஸ்திரேலியப் போலீஸ்.

கேள்வி: யாழ்ப்பாணத்தில் உணவு போட்ட விமானங்கள் எங்கள் ஊரிலிருந்து கிளம்பினவாமே?
(வாசகர், அல்சூர், பெங்களூரு)

பதில்: ஆமாம். 1987 ஜூன் 4, ‘பூமாலை’ நடவடிக்கை. ஐந்து ஏ.என்.-32 விமானங்கள், சுமார் 25 டன் பொருள், துணைக்கு மிராஜ் 2000 போர் விமானங்கள். முந்தைய நாள் படகில் அனுப்பியதை இலங்கைக் கடற்படை திருப்பி அனுப்பியதால்தான் ஆகாய வழி. ஒப்பந்தம் கையெழுத்தானது அதற்கு எட்டு வாரம் கழித்து.